ஐந்தாம் வீட்டின் அளவு

திருப்பூரில் நொய்யலுக்கு வடகரையில், பனியன் கம்பெனிகளின் தையல் சத்தம் யார் காதிலும் விழாமல் ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தெருவில், தோளோடு தோளாக ஒன்பது லைன் வீடுகள் இருந்தன. ஒன்பதும் பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், ஒன்பதுக்கும் ஒரே குழாய், ஒன்பதுக்கும் ஒரே வீட்டுக்காரர், அந்த ஒன்பதில் ஐந்தாவது மட்டும் ஒரு சித்திரை மாதத்தில் வளரத் தொடங்கியது.

வெளியே அது வளரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பிற்பாடு கேள்விப்பட்டு வந்தவர்களில் பாதிப்பேர் சந்தில் நின்று முன்சுவரைப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை பேச்சு என்று பஸ் ஏறிப் போய்விட்டார்கள். வீடு உள்பக்கமாக வளர்ந்தது.

ஆறாம் வீட்டு நாச்சிமுத்துவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அவருக்கு வராமல் யாருக்கு வரும், சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. இருபத்திரண்டு வருடமாக ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தார். தைத்து வரும் பனியனை மேசைமேல் விரித்து, நெஞ்சகலம், உடல் நீளம், கை நீளம் என்று டேப்பை வைத்துப் பார்த்து, சொன்ன அளவுக்கு மேலேயோ கீழேயோ போனால் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். தைத்தவள் அழுதாலும் சரி, கண்டெய்னர் காத்திருந்தாலும் சரி. முழத்தால் அளந்த காலத்தை அவர் மதித்ததில்லை. பூக்காரியின் முழம் பூ வாங்குகிறவளின் முழத்தைவிட எப்போதும் குட்டையாக இருப்பது எப்படி என்று ஆராய்ந்தாலே அந்தக் காலத்தின் நாணயம் தெரிந்துவிடும் என்பார். கோயிலில் மூன்றடி மண் கேட்டவர் கதையைச் சொன்னால், கேட்டவருடைய அடி எத்தனை அங்குலம் என்று முன்கூட்டியே பேசி வைக்காதது அந்த ராஜாவின் தப்பு என்பது அவர் கட்சி. காம்பவுண்டில் எட்டு வீட்டிலும் அவர் வார்த்தைக்கு மரியாதை இருந்தது, எட்டு வீட்டிலும் அவர் கொடுத்த டேப் ஆணியில் தொங்கியது. வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் பொரி பொட்டலத்தோடு வீட்டுக்கு ஒரு டேப் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து தருவது அவர் வழக்கம்.

ஐந்தாம் வீட்டில் இருந்தது செல்வநாயகி. அவள் புருஷன் தண்டபாணி சாயப்பட்டறையில் வேலை செய்தான். நாளெல்லாம் நிறங்களோடு இருந்ததாலோ என்னவோ வீட்டில் எது என்ன நிறத்தில் இருந்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டான். மகள் கோகிலவாணி கல்லூரியில் சேர்ந்து முதல் வருடம். கூடப் படிக்கும் பெண்கள் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் முறை வைத்துப் போய்வந்தார்கள், இவள் முறை வந்தபோது, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கோபம்கூட இல்லாமல் சொன்னாள்.

"நம்மூட்டுக்கு யாரையும் கூட்டியார முடியாதும்மா. வந்தா எங்க ஒக்கார வெக்கறது?"

செல்வநாயகி துலக்கிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் பனியன் கம்பெனி வேலை விட்டு வரும்போது இரண்டு கிலோ கட்டிங் வேஸ்ட் வாங்கி வந்தாள். பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுத் துணிக்குத் திருப்பூரில் அதுதான் பெயர், இஞ்சின் துடைக்க வாங்கிப்போவார்கள். அதை நிறம் நிறமாகப் பிரித்து, நாடாவாகக் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி, சுருட்டிச் சுருட்டித் தைத்து, வாசலுக்கு ஒரு வட்ட மிதியடி செய்தாள். அதைப் போட்டதும் சுவர் வெறிச்சென்று தெரிந்தது. நூல் தீர்ந்த அட்டைக் கோன்களைக் கம்பெனியில் கேட்டு வாங்கி, அடியில் துளைபோட்டுக் கவிழ்த்து, உள்ளே பல்பைத் தொங்கவிட்டாள். வெளிச்சம் வந்ததும் மூலை அழுக்காகத் தெரிந்தது. அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே துணி ஒட்டி, அலமாரி ஆக்கினாள். மூன்றாம் வீட்டு வனிதாமணியிடம் உடைந்த வளையல், எட்டாம் வீட்டுக் கருப்புசாமி வீட்டில் கிழிந்த சேலையின் ஜரிகைக் கரை, நாச்சிமுத்துவின் மனைவி சாரதாமணியிடம் பழைய கல்யாணப் பத்திரிகைகள் என்று, யாருக்கும் வேண்டாததைக் கேட்டு வாங்கி, ஒட்டினாள், கோத்தாள், தொங்கவிட்டாள்.

ஒரு வீட்டில் ஒரு பொருளை வைத்தால் அந்தப் பொருளின் அளவுக்கு இடம் குறைய வேண்டும். இது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்தது. செல்வநாயகி வீட்டில் குறையவில்லை, கூடியது. மிதியடி போட்ட அன்று கதவு சுவரில் இடிக்காமல் முழுதாகத் திறந்தது. கோன் விளக்கு மாட்டிய அன்று, எப்போதும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கடந்த பீரோவை, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நேராகவே கடந்து போனாள். அட்டை அலமாரி வைத்த அன்று அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு அலமாரிக்கு இடம் இருந்தது. அவள் வியக்கவில்லை, சாமி கும்பிடவில்லை, புருஷனைக் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை. இந்த இடத்துக்கு அடுத்து எதை வைத்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் யோசித்தாள்.

கோகிலவாணியின் தோழிகள் ஆறு பேர் வந்து வட்டமாக உட்கார்ந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். ஏழாவதாக ஒருத்தி வந்திருந்தாலும் கால் நீட்டியிருக்கலாம்.

காம்பவுண்டு இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், முதலில் பயன்படுத்திக்கொண்டது. வனிதாமணியின் மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு வந்தபோது, மண்டபம் பார்க்க வேண்டாம், செல்வநாயகி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. நாற்பது பேர் இரண்டு பந்தியாக உட்கார்ந்து ஐந்து வகைச் சோறு சாப்பிட்டார்கள், அதில் ஒருவர்கூட இது எப்படி என்று கேட்கவில்லை, புளியோதரையில் கடலை ஏன் போதவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஏழாம் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் அங்கே படுத்தார்கள். மழைக்குத் துணி அங்கே காய்ந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குத் திரும்பி, கதவைத் திறந்து, உள்ளே நின்று, நான்கு பக்கமும் பார்த்து, முன்பு இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

வளைகாப்பு அன்று இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே நாச்சிமுத்து ஐந்தாம் வீட்டை அளந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவர்போலச் சுவரோரம் குனிந்து குனிந்து போய்ப் பார்த்ததில், அகலம் பதினாலடி இருந்தது. வெளியே வந்து முன்சுவரை அளந்தார். பத்தடி. ஒரு பனியன் வெளியே மீடியமும் உள்ளே எக்ஸ்எல்லுமாக இருந்தால் அது பனியனே அல்ல, மோசடி. இந்த நாலடி எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், எங்கோ நாலடி குறைந்திருக்க வேண்டும். பக்கத்து வீடு யாருடையது? அவருடையது.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தார். ஒன்பதடி, பதினொன்றரை அங்குலம். மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் அரை அங்குலம் காணவில்லை.

பொய் சொல்கிற ஆள் அல்ல என்பதால் அவர் சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள், நம்பியதும் எல்லோரும் அளந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டில் எட்டு வீட்டிலும் டேப்பின் ஒரு முனையைக் கணவனும் மறுமுனையை மனைவியுமாகப் பிடித்துக்கொண்டு, நீ இழுக்கிறாய், நீதான் தொங்கவிடுகிறாய் என்று சண்டை போட்டுக்கொண்டே அளந்ததில், வனிதாமணி வீட்டில் கால் அங்குலம், கருப்புசாமி வீட்டில் முக்கால், மற்ற வீடுகளில் அதற்கு இடைப்பட்டதாக, குறையாத வீடு ஒன்றுகூட இல்லை. கிரைண்டர் முன்பு இடிக்காது, இப்போது இடிக்கிறது என்றாள் வனிதாமணி. படுத்தால் கால் சுவரில் முட்டுகிறது என்றார் கருப்புசாமி. போன மாதம்வரை அதற்குத் தன் உயரம்தான் காரணம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அவள் வீட்டில் தொங்குவதெல்லாம் யாருடையது? நம்முடையது. வளையல் போனபோது வளையலோடு கொஞ்சம் இடமும் போயிருக்கிறது, ஜரிகையோடு கொஞ்சம், பத்திரிகையோடு கொஞ்சம். வேண்டாதது என்று நினைத்துத்தானே கொடுத்தோம், வேண்டாதது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று யார் யோசித்தது? அன்று சாயங்காலமே மூன்று வீட்டார் போய்க் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். செல்வநாயகி உடனே சுவரிலிருந்து பிரித்துக் கொடுத்தாள். அவள் வீடு சுருங்கவில்லை, அவர்கள் வீடு பெருகவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா என்றால், கூடியது. அவ்வளவு சுலபமாகத் திருப்பிக் கொடுக்கிறாள் என்றால் முக்கியமானது வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்றுதானே பொருள்.

வீட்டுக்காரர் பொன்னுச்சாமியின் சந்தேகம் வேறு வகை. நிலம் அவருடையது, பத்திரம் பீரோவில் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரத்தில் இந்த நாலடி இல்லை. இல்லாத இடத்துக்கு வாடகை கேட்டால் எந்த நியாயத்தில் கேட்பது, கேட்காவிட்டால் நாளைக்கு அது அவளுடையது என்று ஆகிவிடாதா? சர்வே ஆபீசில் தெரிந்தவர் ஒருவரிடம் விசாரித்ததற்கு, உள்ளே மட்டும் இருக்கிற இடத்துக்கு நம்பர் போட வழியில்லை என்று பதில் வந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோர் முன்னிலையிலும் எல்லா வீட்டையும் அளப்பது, அடுத்தவர் இடம் குறைந்திருப்பது உறுதியானால் செல்வநாயகி குடும்பம் மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட வேண்டும். அளக்கிற வேலை நாச்சிமுத்துவுக்கு. அவர் அளவு தப்பாது என்பதில் காம்பவுண்டில் இரண்டு கருத்து இல்லை.

செல்வநாயகி அன்றே அட்டைப்பெட்டி அலமாரியிலிருந்து சாமான்களை எடுத்து, அலமாரியைத் திரும்பவும் பெட்டிகளாகப் பிரித்து, கட்ட ஆரம்பித்தாள். கோகிலவாணி காலேஜுக்குப் போகாமல் கூட உட்கார்ந்து கட்டினாள். பத்தடி வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் ஊரில், அடுத்தவன் இடத்தை உறிஞ்சுகிறவள் என்று பெயர் வாங்கியவளுக்கு யார் வீடு தருவார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை கம்பெனியில் டேப் பார்க்கும் நாள். மாதம் ஒருமுறை எல்லா மேசையிலிருந்தும் டேப்புகளை வாங்கி, இரும்பு ஸ்கேல்மேல் நீட்டி வைத்து, இழுபட்டு நீண்டுபோனவற்றைக் கழிப்பது நாச்சிமுத்துவின் பொறுப்பு. நீண்டுபோன டேப் எதை அளந்தாலும் குறைத்தே சொல்லும், அதுதான் அதன் குணம். அறுபது அங்குலத்தில் கால் அங்குலம் நீண்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்து, வழக்கம்போல மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டார். அடுத்ததையும் போட்டார். மூன்றாவதைப் போடக் கை நீட்டியபோது, அந்தப் பெட்டி நிறைந்ததும் எங்கே போகும் என்பது அவருக்கு நினைவு வந்தது. ஆயுத பூஜைக்கு, பொரி பொட்டலத்தோடு, வீட்டுக்கு ஒன்றாக.

கை அப்படியே நின்றது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியின் இரும்பு டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, அளந்தார். சரியாகப் பத்தடி. அப்போதும் அவர் நம்பிவிடவில்லை. வீடு சுருங்கும்போது வீட்டுக்குள் வந்த இரும்பும் கூடவே சுருங்கியிருந்தால்? திரும்பக் கம்பெனிக்குப் போய் அதை ஸ்கேல்மேல் வைத்துப் பார்த்தார். நூல் அளவும் குறையவில்லை. யார் வீட்டிலிருந்தும் எதுவும் போகவில்லை. போனதாகச் சொன்னது அவர் கழித்துப்போட்ட டேப், அவர் வாயால்.

இரண்டு நாள் அவர் சாரதாமணியோடுகூடச் சரியாகப் பேசவில்லை. சொன்னால் இருபத்திரண்டு வருட மரியாதை போகும். சொல்லாவிட்டால் ஒரு குடும்பம் போகும், ஆனால் அது தன் பேரில் போகாது, டேப்பின் பேரில் போகும். இதையும் அவர் யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொன்னால் கதை அழகாக இருக்கும், நிஜமாக இருக்காது. அதற்கு மேல் ஒரு சந்தேகமும் இருந்தது: எட்டு வீட்டிலும் குறையவில்லை என்றால் அவள் வீட்டு நாலடி எங்கிருந்து வந்தது? திருடியது என்று தெரிந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எங்கிருந்தும் எடுக்காமல் வந்த இடத்தை என்ன செய்வது?

ஞாயிறு காலை தண்ணீர் பிடித்து முடிந்ததும் எல்லோரும் குழாயடியில் கூடினார்கள், ஒவ்வொருவர் கையிலும் அவரவர் டேப் இருந்தது. செல்வநாயகி வாசலில் கட்டி வைத்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். நாச்சிமுத்து நடுவில் வந்து, துணி துவைக்கும் கல்மேல் இரும்பு டேப்பை நீட்டி வைத்தார். அதன் பக்கத்தில் தன் வீட்டு டேப்பை வைத்தார். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி, வெவ்வேறு இடத்தில் அறுபதைத் தொட்டன.

"இது நான் கழிச்சுப் போட்ட டேப்புங்க," என்றார். "உங்க கையில இருக்கறதும் நான் கழிச்சதுதான். வூடு ஒண்ணும் கொறையலீங்க. கொறச்சது நானு."

நியாயமான ஊராக இருந்தால் அடுத்து எல்லோரும் செல்வநாயகியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். கருப்புசாமி தன் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப இத்தன வருசமா பூசைக்குக் கழிச்சதையா எங்களுக்குக் குடுத்தீங்கோ?"

அதோடு அளவு பற்றிய பேச்சு போய், டேப் பற்றிய பேச்சு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் வனிதாமணி வீட்டு டேப்பில் அளவெடுத்து, ஏழாம் வீட்டு ருக்குமணி தன் டேப்பில் வெட்டித் தைத்து, போட முடியாமல் போன பட்டு ஜாக்கெட்டும், அதற்காக இருவரும் பேசாமல் இருந்த பதினோரு மாதமும் வெளியே வந்தன. தப்பு உன்னுடையதல்ல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். இவர் எதற்கு இப்போது வந்து ஒப்புக்கொள்கிறார், ஐந்தாம் வீட்டுக்கு இவர் இவ்வளவு பரிந்து பேசக் காரணம் என்ன, நாலடியில் இவருக்குப் பங்கு உண்டா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சந்தேகத்துக்கு ஒரு வீடு தேவை, அவ்வளவுதான். ஐந்தாம் வீட்டிலிருந்து கிளம்பிய அது அதிக தூரம் போகாமல் ஆறாம் வீட்டில் குடியேறியது. ஒவ்வொருவராகத் தங்கள் டேப்பையும் வீட்டில் கிடந்த பழையதையும் அவர் வாசலில் எறிந்துவிட்டுப் போனார்கள். சாரதாமணி அந்தக் குவியலைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொன்னுச்சாமி மட்டும் போகவில்லை. இரும்பு டேப்பை வாங்கி ஐந்தாம் வீட்டை அவரே அளந்தார். பெட்டிகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டதாலோ என்னவோ அகலம் பன்னிரண்டடிதான் இருந்தது.

"அம்மிணி, யாரோடதும் இல்லீன்னா இந்த எடம் யாருது?"

"தெரியலீங்க," என்றாள் செல்வநாயகி. "வெச்ச சாமானுக்கு எடம் வேணும்னிருந்துச்சு. வந்துச்சு."

அவர் நெடுநேரம் சுவரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், இருந்துகொள்ளுங்கள், ஆனால் புதுசாக வந்த சுவரில் ஆணி மட்டும் அடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம்வரை நாச்சிமுத்து தன் வாசலில் டேப் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செல்வநாயகி வந்து, அவரிடம் கேட்காமலே குனிந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனாள். மஞ்சளும் வெள்ளையுமாக எட்டு டேப், அதோடு ஒவ்வொரு வீட்டிலும் சேர்ந்துகிடந்த முந்தைய வருடத்து டேப்புகள், எல்லாவற்றையும் நடுவில் மடித்து, மூன்று மூன்றாகப் பின்னி, நுனியில் மிஞ்சிய வளையல் துண்டைக் கோத்து, வாசலுக்கு மாவிலைத் தோரணம்போலத் தொங்கவிட்டாள். காற்றில் எண்கள் சலசலத்தன. முப்பத்தாறுக்குப் பக்கத்தில் ஐந்தும் ஐம்பத்திரண்டுக்கு மேலே பதினேழும் வந்தன, யாருக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் கோகிலவாணியின் தோழிகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், இரண்டு வாரத்தில் வனிதாமணி, அதுபோல எனக்கும் ஒன்று பின்னித் தருகிறாயா என்று கேட்க வந்தாள். ஆனால் டேப் மிச்சமில்லை. இரும்பு டேப்பும் திங்கட்கிழமையே கம்பெனிக்குத் திரும்பிவிட்டது. காம்பவுண்டில் எதையும் அளக்க எவரிடமும் எதுவும் இல்லை.

அப்படி ஒரு நாள் செல்வநாயகி நாச்சிமுத்துவை டீ குடிக்கக் கூப்பிட்டாள். சாரதாமணி கதவைத் திறந்துவிட்டாளே தவிர இன்னும் பேசத் தொடங்கவில்லை, அதனால் அவர் போனார். வாசலில் எண்களை விலக்கிக்கொண்டு நுழைந்து, எதிர்ச் சுவரோரம் இருந்த அட்டைப்பெட்டி நாற்காலிவரை நடந்தார். அது தாங்குமா என்று தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தாங்கியது. டம்ளர் காலியாகும்வரை கேட்கவேண்டாம் என்று இருந்துவிட்டு, கேட்டார்.

"மெய்யாலுமே எங்கிருந்து வருது அம்மிணி?"

"நீங்க கழிச்சதெல்லாம் எங்கீங்கண்ணா போகுது?" என்றாள் அவள், டம்ளரை வாங்கிக்கொண்டே.

அவர் மனம் தன்னையறியாமல் கணக்குப் போட ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருடம், நாளொன்றுக்குக் கழித்தது இத்தனை பனியன், ஒவ்வொன்றிலும் கால் அங்குலம், அரை அங்குலம். எங்கேயோ சில மைல்களைத் தாண்டியதும் பயந்து நிறுத்திக்கொண்டார். எழுந்தார், வாசலை நோக்கி நடந்தார். வரும்போது ஒன்பது காலடி வைத்து வந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. திரும்பும்போது ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, பதினொன்றிலும் வாசல் வரவில்லை.

"எண்ணாதீங்கண்ணா," என்று பின்னாலிருந்து செல்வநாயகி சொன்னாள். "அதுக்குக் கூச்சமா இருக்குமாட்ட இருக்குது."

நாச்சிமுத்து உடனே உதட்டை அசைப்பதை நிறுத்தினார். பன்னிரண்டு, பதிமூன்று என்பதை மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போலத் தோரணத்தை விலக்கி வெளியே வந்தார்.